சொற்களின் தனிக்குடித்தனம்

பேனாவைத் தொடக் கூடாதாம். முதல் ஐந்து நிமிஷம் வாசிக்க மட்டும்தானாம். மேற்பார்வைக்கு நின்ற நீலப் புடவைக்காரம்மா இதை ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறை தன்னை மட்டும் பார்த்துச் சொன்னதாக எமல்டாவுக்குத் தோன்றியது. தோன்றத்தானே செய்யும், அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதுகிற இதே ஆங்கிலப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் எழுத்துப் பகுதியில் மட்டும் தோற்றவளுக்கு, ஊரே தன்னைப் பார்க்கிறது என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடிக்குப் போன கை சும்மா இருக்கிறதா, துப்பட்டா நுனியைப் பிடித்துத் திருகுகிறது. ஓட்டல் மாடியில் இருக்கிற ரிசப்ஷன் ஹாலைத்தான் பரீட்சைக்கு எடுத்திருந்தார்கள். நேற்று யாருக்கோ வரவேற்பு நடந்திருக்கிறது; மேடைச் சுவரில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் தெர்மாகோல் எழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தன, பிரியாணி வாசனையும் வாடின மல்லிகை வாசனையும் ஏசி காற்றில் கலந்து சுற்றிச் சுற்றி வந்தன. எவளோ ஒரு புண்ணியவதி நேற்று இங்கே பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், இன்று நான் பேனாவைத் தொடக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், நாற்பத்திரண்டு வயதில் உனக்கெதற்கடி இந்தப் பாடு. சரி, வாசி. வாசிக்கச் சொன்னால் வாசி. ஹென்றி வாட்கின்ஸ், எழுபத்தாறு வயது, பாவம், தனியாள், வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நாளைக்கு வீட்டுக்குப் போகிறார். அங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் ஒருத்தி இருக்கிறாளாம், மிஸ் கார்ட்டர். அவளுக்கு இவர் நிலைமையைச் சொல்லி ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. இருபது வருஷமாகத் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர், ஷிஃப்டு மாறும்போதெல்லாம் அடுத்தவளிடம் முப்பது பேர் கதையையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவள், ஒரே ஒரு வாட்கின்ஸ் தாத்தாவுக்கா பயப்படுவாள்? தாத்தாவுக்கு அவள் பயப்படவில்லை. தாத்தாவைச் சொல்ல வேண்டிய வார்த்தைகளுக்குத்தான் பயந்தாள்.

வார்த்தைகள் தனித்தனியாக வந்தால் பயமில்லை, இரண்டிரண்டாக அல்லவா வருகின்றன. முதல் தடவை நூலிழையில் போயிற்று, போனதும் தில்லைநகரில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்தாள். நவநீதன் சார் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார், வகுப்புக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு, “என்ன சிஸ்டர்ஸ், இன்னைக்கு எந்த ட்வின்ஸைப் பார்ப்போம்?” என்பார். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆட்கள் மாற்றிப் போட்டுவிடுகிற வார்த்தைகள் எல்லாம் அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். பலகையில் ஒன்றை நீலத்தில், பக்கத்திலேயே ஒன்றைச் சிவப்பில் எழுதுவார். பாதிப்பது என்கிற அஃபெக்ட், விளைவு என்கிற எஃபெக்ட். இழப்பது என்கிற, ஒரே ஒரு ‘ஓ’ போட்ட லூஸ், தளர்ந்தது என்கிற, இரண்டு ‘ஓ’ போட்ட லூஸ். நோயாளிகள் என்கிற பேஷண்ட்ஸ், பொறுமை என்கிற பேஷன்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். எமல்டா போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து பஸ்ஸில் பார்த்தாள், சோறு வடிக்கும்போது பார்த்தாள், மாவு அரைக்கும்போது பார்த்தாள், பார்க்கப் பார்க்க நீலம் எது சிவப்பு எது என்று தலை சுற்றியதுதான் மிச்சம். இரண்டாவது தடவை எழுதினாள், முதல் தடவையை விடக் குறைவு. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, பரீட்சைதானே, தொலையட்டும் என்று விடலாம். அந்தச் சந்தேகம் செருப்பைக்கூட வாசலில் விடாமல் நேரே வார்டுக்குள் வந்துவிட்டதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல. போன மாதம் ஒரு நாள் ஊசி எடுக்க மருந்து அலமாரி முன்னால் நின்றவள் குப்பியின் பெயரை வாசித்தாள், மறுபடி வாசித்தாள், திருப்பி வைத்துவிட்டு எடுத்து மறுபடி வாசித்தாள், எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் நான் வாசிப்பது நிஜமாகவே இதைத்தானா என்று உள்ளே ஒரு குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டு, “இதை வாசிம்மா, சத்தமா வாசி” என்றாள். அவள் வாசித்தாள், சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். கண் டாக்டரிடம் போனாள், அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுல ஒண்ணும் இல்லம்மா, நல்லாத் தூங்குங்க” என்றார். ஒண்ணும் இல்லை என்கிறதுதான் பயமாக இருந்தது. கண்ணில் கோளாறு என்றால் கண்ணாடி போடலாம். தன்மேல் தனக்கே நம்பிக்கை போனால் எந்தக் கடையில் கண்ணாடி வாங்குவது? நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கமலவேணி மேடத்திடம் போய் நின்றாள். “மேடம், என்னை வார்டுல இருந்து எடுத்துடுங்க. வெளியில டோக்கன் போடற இடத்துல உட்கார வைங்க.” மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். “உனக்கென்ன கிறுக்கா எமல்டா?” “இல்ல மேடம். பயமா இருக்கு.” மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “சனிக்கிழமை பரீட்சையை எழுதிட்டு வா. திங்கட்கிழமை காலைல வந்து அப்பவும் இதையே சொன்னா, மாத்திடறேன்” என்றார். இன்றைக்குச் சனிக்கிழமை. இந்தக் கடிதம் தேறினால் அயர்லாந்து, தேறாவிட்டால் திருச்சி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கல்லவா தெரியும், தேறாவிட்டால் திருச்சியும் இல்லை. ஊசி பிடித்த கையால் டோக்கன் கிழித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

“ஸ்டார்ட் ரைட்டிங்” என்றாள் நீலப் புடவை. ஹாலில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேனாவை எடுத்த சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பக்கத்து மேசையில் ஒரு ஆள், கட்டை மீசை, அவனும் நர்ஸாகத்தான் இருக்க வேண்டும், கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். எமல்டாவும் போட்டுக்கொண்டாள், மாதா, நீ கொஞ்சம் பார்த்துக்கோ. அன்புள்ள மிஸ் கார்ட்டர். இது வரைக்கும் பழுதில்லை. வாட்கின்ஸ் தாத்தாவின் பெயர், வயது, என்ன ஆபரேஷன், எப்போது வீட்டுக்குப் போகிறார், எல்லாம் சரியாக வந்து விழுந்தன. கம்பு வைத்துக்கொண்டு நடக்கிறார், தையல் போட்ட இடம் ஓரத்தில் லேசாகச் சிவந்திருக்கிறது, கண்காணிக்க வேண்டும், அதுவும் வந்தது. அடுத்தது, ராத்திரியில் வலி, வலி அவருடைய தூக்கத்தைப் பாதிக்கிறது. ஆங்கிலத்தில் வலி என்று எழுதினாள், பேனா நின்றுபோயிற்று. பாதிக்கிறது. ‘ஏ’யில் தொடங்குகிற அஃபெக்டா, ‘ஈ’யில் தொடங்குகிற எஃபெக்டா? நவநீதன் சாரின் சூத்திரம் ஞாபகம் வந்தது, ‘ஏ’ என்றால் ஆக்‌ஷன், ‘ஈ’ என்றால் எண்ட், செயலுக்கு ‘ஏ’, முடிவுக்கு ‘ஈ’. சரி, வலி செய்கிறது, செயல்தானே, ‘ஏ’. ஆனால் பாவம் தாத்தா தூங்காமல் கிடக்கிறாரே, அது வலியின் முடிவுதானே, அப்படியானால் ‘ஈ’யா? இல்லை, சூத்திரமே மாறிப்போய்விட்டதோ, ‘ஈ’ என்றால்தானோ எதையோ செய்வது, சார் அன்றைக்கு நீலத்தில் எழுதியது எதை, சிவப்பில் எழுதியது எதை? பலகை கண்முன் வந்து நின்றது, நீலமும் சிவப்பும் ஒன்றின் இடத்தில் ஒன்று மாறி மாறி உட்கார்ந்தன. வேண்டாம், இந்த வார்த்தையே வேண்டாம், சந்தேகம் வந்தால் வேறு வார்த்தை போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று சாரே சொல்லியிருக்கிறார், வலியால் அவர் தூங்குவதில்லை என்று எழுதிவிட்டுப் போகலாமே. போகலாம். ஆனால் தாத்தா தூங்குகிறாரே, விட்டு விட்டுத் தூங்குகிறார் என்றல்லவா குறிப்பில் இருக்கிறது, என் வசதிக்கு அந்த மனுஷனுடைய தூக்கத்தை முழுசாகப் பிடுங்கிப்போட முடியுமா. இன்னொன்றும் மனதில் குத்தியது. இன்றைக்கு இந்த வார்த்தையைக் கண்டு ஓடினால், திங்கட்கிழமை அந்த அலமாரியைக் கண்டு ஓடப் போவது உறுதி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், டோக்கன் கவுன்டர் வரைக்கும்.

பேனா நின்ற இடத்தில் ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு போயிற்று. நீ எதற்காக இதற்கெல்லாம் ஆசைப்பட்டாய் எமல்டா? ஜெஸிந்தாவால் வந்தது. கூடப் படித்தவள், அயர்லாந்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது, ஒரு நாள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: “இங்க ஒருத்திக்கு ஆறு பேஷண்ட்தாண்டி எமி. இன்னைக்கு ஒரு பாட்டியம்மா பக்கத்துல உட்கார்ந்து, அவங்க கல்யாணக் கதையைப் பூராக் கேட்டேன்டி, யாரும் என்னைத் திட்டலை.” சம்பளம் இவ்வளவு என்றுகூட அவள் சொன்னாள், அது காதில் ஏறவில்லை. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டாளாம்! இருபது வருஷத்தில் எமல்டா எந்தக் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்ததில்லை, முப்பது பேர், மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்கிறாள், உட்கார்ந்தால் முப்பதும் கெட்டுவிடும். வாய்விட்டு யாரிடமும் சொல்லாமல் அந்த ஆசையை ஒரு வாரம் மென்று முழுங்கிவிட்டு, பிறகுதான் லியோவிடம் சொன்னாள். லியோ, அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், எதற்கும் பெரிதாக அலட்டிக்கொள்ளாத ஆள். இன்று காலை ஹால் வாசலில் இறக்கி விடும்போதுகூட, “இங்க பாரு எமி, பாஸானா ஏரோப்ளேன், ஃபெயிலானா நம்ம வேன். ரெண்டுலயும் உன் பக்கத்து சீட்டு எனக்குத்தான். போய் எழுதிட்டு வா” என்றார். டோக்கன் கவுன்டர் விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும், அதைத் தாங்குகிற தெம்பு அவளுக்கு இல்லை. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அழக் கூடாது, கண்ணீர் காகிதத்தில் விழுந்தால் அதற்கு வேறு மார்க்கைக் குறைப்பார்களோ என்னவோ.

யாரோ ஸ்டீல் பாட்டிலைக் கீழே போட்டார்கள், ணங்கென்று ஒரு சத்தம், டிரேயில் குப்பி உருண்ட மாதிரி. அந்தச் சத்தத்தில் அவள் மனம் வார்டுக்குப் போயிற்று, அலமாரி, மேல்தட்டு, டோபமின். எதிர்ச்சுவர் அலமாரி, கீழ்த்தட்டு, டோபுடமின். இரண்டும் ரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து, பெயரில் பாதி ஒன்று, குப்பியும் ஏறக்குறைய ஒன்று, மாற்றி ஏற்றினால் ஆளே போய்விடலாம். அவள் பொறுப்புக்கு வந்த முதல் வாரமே செய்த முதல் வேலை, இரண்டையும் ஒரே தட்டில் இருந்து பிரித்து ஆளுக்கொரு சுவருக்கு அனுப்பியது. இப்படிக் குழப்புகிற ஜோடி எத்தனை உண்டோ அத்தனையையும் பிரித்தாள். வார்டில் சிரித்தார்கள். “என்ன சிஸ்டர், மருந்தையெல்லாம் தனிக்குடித்தனம் வெச்சிட்டீங்களா?” “ஆமா, ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா குடும்பம் நடக்குமா?” அன்றைக்குப் பிடித்த பெயர், இன்று வரைக்கும் புதிதாக வருகிற பெண்ணிடம் அலமாரியைக் காட்டும்போது, இதெல்லாம் தனிக்குடித்தனம், பக்கத்தில் வைக்கக் கூடாது என்றுதான் சொல்வார்கள். கற்றுக்கொடுப்பதிலும் அப்படித்தான். டோபமினை ஒரு நாள், அது ஏறிக்கொண்டிருக்கிற ஆள் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள், இன்னொன்றை வேறொரு நாள், வேறொரு ஆளிடத்தில். ஒரே நாளில் இரண்டையும் காட்டி இது இது, அது அது என்று விளக்கினால், விளக்கம் முடிவதற்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். அட. எமல்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அட, கிறுக்கி. மருந்துக்குத் தெரிந்தது வார்த்தைக்குத் தெரியாமல் போயிற்றே உனக்கு! வகுப்புக்குப் போவதற்கு முன்னால் இந்த இரண்டு வார்த்தையும் உன்னிடம் சண்டை போட்டதுண்டா? ஒன்றையொன்று பார்த்ததாவது உண்டா? நீலத்தையும் சிவப்பையும் தோளோடு தோள் நிற்க வைத்து, ராத்திரி பகலாக உற்றுப் பார்த்து, நீயேதான் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கிக்கொண்டாய். சாரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் படித்து எத்தனையோ பேர் தேறிப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கு அது ஒத்துக்கொண்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிறதா என்ன.

அப்படியானால் இதுகளின் வீடு எது எது? தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்கவாதம் வந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டால் முதல் கேள்வியே, “எந்தப் பக்கம் அஃபெக்டட் சிஸ்டர்?” என்பதுதான். விழுந்த கை, விழுந்த கால். கேஸ் ஷீட்டில் எத்தனை நூறு தடவை எழுதியிருப்பாள், ‘ஏ’ போட்டு, யோசிக்காமல், ஒரு கையில் பிபி கருவியைப் பிடித்துக்கொண்டே. அது அந்த வார்த்தையின் வீடு, சுவரோரக் கட்டில், ஒரு கையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கிற மனுஷன். மற்றது? அதைத்தான் ஊரே சொல்கிறதே, “இந்த மாத்திரைக்கு சைடு எஃபெக்ட் உண்டா சிஸ்டர்?” கையெழுத்துப் போடத் தெரியாத ஆயாவும் கேட்கும், ஆடிட்டரும் கேட்பார். மாத்திரை அட்டையோடு வருகிற மடித்த காகிதத்தில் ‘ஈ’ போட்டு அச்சடித்திருக்கும், அது மருந்து அலமாரிப் பக்கத்து வீடு. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வார்டு தூரம் இருக்கிறது, குழம்புவதற்கு வழியே இல்லை. வாட்கின்ஸ் தாத்தாவின் தூக்கம் விழுந்த கை மாதிரி, வலி அதைத் தூக்க முடியாமல் பண்ணுகிறது. ‘ஏ’. எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவைகளும் வரிசையாக வந்து தங்கள் வீட்டுக்குப் போயின. கட்டு லூஸாகிவிட்டது என்பாளே, அது கட்டுப் போடுகிற அறை, கட்டு தொளதொளவென்று இருக்கிற மாதிரி இரண்டு ‘ஓ’. எடை குறைவது, இழப்பது, அது சர்க்கரைக்காரர்கள் படுத்திருக்கிற கோடி, சார்ட்டில் இடம் இல்லாமல் ஒரே ‘ஓ’. பொறுமை மட்டும் வார்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அது கீழே பில் கட்டுகிற இடத்தில், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று மாட்டிய போர்டில் இருக்கிறது, அந்தப் போர்டுக்குக் கீழேதான் தினம் ஒரு சண்டை. நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சை ஹாலில் தனியாகச் சிரிக்கிறவளை நீலப் புடவைக்காரம்மா இப்போது நிஜமாகவே பார்த்தாள். பார்க்கட்டும், எனக்கென்ன.

அதற்குப் பிறகு பேனா ஓடிற்று. நடுவில் ஒரே ஒரு இடத்தில் நின்றது, அது வார்த்தைக்காக நிற்கவில்லை, பூனைக்காக நின்றது. தாத்தா ஒரு பூனை வளர்க்கிறார் என்று குறிப்பில் இருந்தது. இதெல்லாம் பொறி, மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாததைக் கடிதத்தில் எழுதினால் மார்க் போகும், பொழுதுபோக்கு, செல்லப்பிராணி, பக்கத்து வீட்டுக்காரர் கதை எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுங்கள் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். தாண்டத்தான் பார்த்தாள். ஆனால் கம்பு ஊன்றி நடக்கிற மனுஷன், இடுப்பில் தையல், விடிகாலையில் பாத்ரூமுக்கு எழுந்து போகிறார், பாலுக்காகக் காலைச் சுற்றுகிறது அந்தப் பூனை. பூனை எப்படிச் சுற்றும் என்று அவளுக்குத் தெரியாதா, வீட்டில் ஒன்று இருக்கிறதே, லியோவைக்கூட ஒரு தடவை குப்புறத் தள்ளியிருக்கிறது. தாத்தா மறுபடி விழுந்தால் யார் தூக்குவார்கள்? மார்க் போனால் போகிறது போ. வீட்டில் பூனை இருக்கிறது, மறுபடி விழ வாய்ப்பு உண்டு, நடக்கும் வழியைப் பார்த்துவையுங்கள் என்று எழுதினாள். எழுதும்போது அந்த வீடே தெரிந்தது, வழுக்குகிற படி, குளிர், ஒற்றை நாற்காலி, மிஸ் கார்ட்டர் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பையில் இருந்து இந்தக் காகிதத்தை எடுக்கிறாள். அவளும் நம்மைப் போல ஒருத்திதானே. காலையில் இருந்து எத்தனை வீடு ஏறி இறங்கினாளோ, சாப்பிட்டாளோ இல்லையோ.

கடைசிப் புள்ளி வைத்தாள். இனி சரிபார்க்க வேண்டும். போன இரண்டு தடவையும் இந்த நேரத்தில்தான் சர்வ நாசம் நடந்தது, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து நீயா அவனா என்று விசாரித்து, சரியாக இருந்ததையெல்லாம் அடித்துத் தப்பாக மாற்றிவைத்தாள். இந்தத் தடவை வார்த்தையைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. நான் மிஸ் கார்ட்டர். இந்த ஆளை நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, கையில் இந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு இவரை என்னால் உயிரோடு பார்த்துக்கொள்ள முடியுமா? அப்படி வாசித்தாள். வயது சரி, ஆபரேஷன் சரி, நடை, வலி, தூக்கம், பூனை. தையல் ஓரம் சிவந்திருக்கிறது. சிவப்பு கூடினால் என்ன செய்வேன்? டாக்டருக்குப் போன் போடுவேன். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? எமல்டாவுக்கு உடம்பு ஒரு முறை தூக்கிவாரிப் போட்டது. கடிதத்தில் அது இல்லை. குறிப்பை இழுத்துப் பார்த்தாள், இரண்டாம் பக்கம், மேல் மூலை, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒரு முறை உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறல். ஐயோ மாதா. எங்கே இருந்தது இது இவ்வளவு நேரம்? ஐந்து நிமிஷம் முழுக்க வார்த்தைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாயே, அப்போதும் அங்கேதான் இருந்தது. எழுத்துப் பிழை பார்த்துப் பார்த்து மனுஷனைக் கொன்றிருப்பாயே! நீலப் புடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நிற்கிறாள், நேரம் முடியப் போகிறது. அடியில் ஒரு வரிக்குத்தான் இடம். முக்கியம் என்று பெரிய எழுத்தில் எழுதினாள், அடிக்கோடு போட்டாள், பென்சிலின் கொடுக்கவே கூடாது, முன்பு மூச்சுத் திணறல் வந்தது என்று எழுதினாள். அந்த வரியில் இலக்கணம் தடுக்கியிருக்கலாம், ஏதோ ஒரு எழுத்து கூடக் குறைய விழுந்திருக்கலாம், அவள் பார்க்கவில்லை. “பென்ஸ் டவுன்.” வைத்தாள். வார்டில் ஒருவரைப் பிழைக்க வைத்துவிட்டு வந்து கை கழுவுவாளே, அந்த மாதிரி இரண்டு உள்ளங்கையையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது கூட்டமெல்லாம் ஒரே இரைச்சல், நீ அங்கே என்ன போட்டாய், நான் இங்கே என்ன போட்டேன் என்று. பக்கத்து மேசைக் கட்டை மீசைக்காரன் பின்னாலேயே ஓடி வந்தான், முகம் செத்துப்போயிருந்தது. “சிஸ்டர், ஒரு நிமிஷம். நான் பெரம்பலூர்ல ஐசியு ஸ்டாஃப், பேரு தெய்வசகாயம். அந்தத் தூக்கம் வருதுல்ல சிஸ்டர், வலி தூக்கத்தைன்னு, அங்க நீங்க ‘ஏ’ போட்டீங்களா ‘ஈ’ போட்டீங்களா? நான் ‘ஈ’ போட்டுத் தொலைச்சுட்டேன்னு நினைக்கிறேன்.” ஆஸ்பத்திரியில் பழகின வாய், அவளுக்கும் பிரதர் என்றுதான் வந்தது. “அதை விடுங்க பிரதர். பென்சிலின் எழுதினீங்களா?” அவன் ஒரு கணம் விழித்தான், இதென்ன கேள்வி என்பதுபோல. “அதை எழுதாம இருப்பாங்களா சிஸ்டர்? பேரு எழுதின உடனே அதைத்தான் எழுதினேன், முதல் பாராவுலயே.” எமல்டாவுக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தன், முகம் தொங்கிப்போய், தான் செய்த நல்ல காரியம் தனக்கே தெரியாமல் நிற்கிறான். “அப்ப கேட்டுக்கங்க பிரதர். உங்க லெட்டரை மட்டும் எங்கிட்டக் கொடுத்தா, அந்தத் தாத்தாவை நான் நல்லபடியாப் பார்த்துக்குவேன். ‘ஏ’ போட்டிருந்தாலும் சரி, ‘ஈ’ போட்டிருந்தாலும் சரி.” அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கிற்று, அதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டு, “சரி சிஸ்டர், உங்க லெட்டரை எங்கிட்டக் கொடுத்தா?” என்றான்.

அவள் தன் கடிதத்தை மனதுக்குள் விரித்து வைத்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள், ஒவ்வொரு வரியாக, கடைசி வரி வரைக்கும். “பென்சிலினை நான் கடைசியிலதான் எழுதினேன் பிரதர். திரும்ப வாசிக்கும்போதுதான் பிடிச்சேன். ஆனா பிடிச்சுட்டேன். தாராளமாப் பார்த்துக்கலாம், பயமே வேண்டாம்.” சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்கிற குரல், ஷிஃப்டு மாறும்போது பேசுகிற எமல்டா சிஸ்டருடைய குரல். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லியோ வேனை நிறுத்திவிட்டு, கையைத் தூக்கி என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரு, வரேன் என்று கை காட்டிவிட்டு, ஓட்டல் வாசலிலேயே நின்று போனை எடுத்தாள். ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது, அது எப்படி வேண்டுமானாலும் வரட்டும். இரண்டாவது மணியிலேயே கமலவேணி மேடம் எடுத்துவிட்டார். “மேடம், எமல்டா பேசறேன். திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு மேடம். நான் வார்டுலயே இருக்கேன்.”